குமிழ் சரியாக இருந்தது, கம்பி மாறியிருந்தது: ஒரு மல்டிமீட்டர் விபத்தின் முழு ஆய்வு

கையடக்க டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்து 400 வோல்ட் மும்முனைப் பேனலில் மின்னழுத்தம் பார்க்க முயன்ற இளம் பராமரிப்புத் தொழிலாளர் ஒருவருக்கு, மீட்டரின் முனைகள் பஸ்பாரை, அதாவது பேனலுக்குள் மின்சாரம் கடத்தும் உலோகப் பட்டையைத் தொட்ட அதே கணத்தில் வலது கை விரல்களிலும் மணிக்கட்டிலும் தீக்காயம் ஏற்பட்டது. மீட்டரின் பின்மூடி வெடித்துத் தெறித்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண்கள் தப்பின. அந்தப் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பாளர் என்ற முறையில் இந்த ஆய்வை நான் எழுதுகிறேன். அந்த மீட்டர் பயன்பாட்டுக்கு உகந்தது என்று கடைசியாகக் கையெழுத்திட்டவனும் நானே என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த விபத்தின் காரணங்களுள் ஒன்று அந்தக் கையெழுத்துக்கு அடியில்தான் இருந்தது.

நடந்தது

அன்று காலையில் அவர் ஓர் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுச் சுற்றைச் சோதித்தார். 24 வோல்ட் டிசியில் இயங்கும் சொலினாய்டு வால்வு ஒன்று சூடேறுவதாகப் புகார் வந்திருந்தது. அது எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று பார்ப்பதற்காக, சுற்றின் ஒரு கம்பியைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரைத் தொடராக இணைத்தார். அதற்குச் சிவப்புக் கம்பியை வோல்ட் துளையிலிருந்து எடுத்து 10 ஆம்பியர் துளையில் செருக வேண்டும். அதைச் சரியாகவே செய்தார். அளவையும் சரியாகவே எடுத்தார், குறைந்த மின்னழுத்தச் சுற்று என்பதால் அங்கே அபாயம் எதுவும் இருக்கவில்லை. வேலை முடிந்ததும் மீட்டரை அணைத்து, கம்பிகளை அதன்மேல் சுற்றி, கருவிப் பையில் வைத்தார்.

பிற்பகலில் மும்முனை மோட்டார் ஒன்று சுழலாமல் ஓசை மட்டும் எழுப்புவதாக அழைப்பு வந்தது. ஒரு ஃபேஸ் வரவில்லை என்றால் மோட்டார் அப்படித்தான் முனகும். எனவே பேனலைத் திறந்து, மூன்று ஃபேஸ்களுக்கிடையே மின்னழுத்தம் இருக்கிறதா என்று பார்க்க முடிவு செய்ததில் எந்தப் பிழையும் இல்லை. குமிழை ஏசி வோல்ட் நிலைக்குத் திருப்பினார். திரையில் ஏசி என்ற குறி தெரிவதையும் உறுதி செய்துகொண்டார். கறுப்பு முனையை ஒரு ஃபேஸிலும் சிவப்பு முனையை அடுத்த ஃபேஸிலும் வைத்தார். அவ்வளவுதான்.

மறுநாள் அவரைப் பார்க்கச் சென்றபோது அவர் முதலில் சொன்னது இது: “குமிழை வோல்ட்டில்தான் வைத்தேன், சார். இரண்டு தடவை பார்த்தேன். கம்பியைப் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றவே இல்லை.” அவர் சொன்னது முழு உண்மை. உருகிய மீட்டரின் குமிழ் ஏசி வோல்ட் நிலையில்தான் இருந்தது. சிவப்புக் கம்பியின் செருகுமுனை 10 ஆம்பியர் துளையில் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

மீட்டருக்குள் அந்தக் கணத்தில் இருந்தது

மல்டிமீட்டர் ஒரே கருவி என்று நாம் பேசினாலும், மின்சுற்றின் பார்வையில் அது ஒரே பொருள் அல்ல. மின்னழுத்தம் அளக்கும்போது பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களின் உள்ளீட்டுத் தடை சுமார் 1 கோடி ஓம், அதாவது 10 மெகா ஓம். 400 வோல்ட்டுக்குக் குறுக்கே வைத்தால் அதன் வழியே 40 மைக்ரோ ஆம்பியர்தான் ஓடும், எனவே மீட்டர் அங்கே இருப்பதே சுற்றுக்குத் தெரியாது. 10 ஆம்பியர் துளைக்கும் கறுப்புக் கம்பி செருகும் பொதுத் துளையான காம் துளைக்கும் இடையே இருப்பதோ ஏறத்தாழ 0.01 ஓம் தடையுள்ள ஒரு தடித்த உலோகப் பட்டை, அதாவது ஷன்ட். இந்த இரண்டு தடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நூறு கோடி மடங்கு. ஒரே கம்பி பக்கத்துத் துளைக்கு மாறியதால் கருவி ஏறத்தாழத் திறந்த சுற்று என்ற நிலையிலிருந்து ஏறத்தாழ நேரடி ஷார்ட் என்ற நிலைக்குச் சென்றுவிடுகிறது.

இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு, விபத்துக்கு முன் எங்கள் பிரிவிலும் பாதிப் பேருக்கு அது இருந்தது: குமிழை வோல்ட்டுக்குத் திருப்பிவிட்டால் மீட்டர் வோல்ட் அளக்கும் நிலைக்கு வந்துவிடும் என்பது. வழக்கமான அமைப்பில் ஷன்ட் குமிழின் வழியே இணைக்கப்படுவதில்லை. 10 ஆம்பியர் ஓடும் பாதையில் குமிழின் மெல்லிய தொடுபுள்ளிகளை வைக்க முடியாது என்பதால், அந்தத் துளையிலிருந்து ஃபியூஸ், ஷன்ட், காம் துளை என்று நிரந்தரப் பாதை ஒன்று ஓடுகிறது. குமிழ் எங்கே நின்றாலும், மீட்டர் அணைந்திருந்தாலும், பேட்டரியே இல்லாவிட்டாலும் அந்தப் பாதை அப்படியே இருக்கும். திரையில் தெரியும் ஏசி என்ற குறிக்கும் அந்தப் பாதைக்கும் தொடர்பே இல்லை. சில மீட்டர்களில் கம்பி ஆம்பியர் துளையில் இருக்கும்போது குமிழை வோல்ட்டுக்குத் திருப்பினால் எச்சரிக்கை ஒலி எழும். வேறு சிலவற்றில் குமிழின் நிலைக்கேற்பத் தேவையற்ற துளையை மூடிவிடும் தடுப்பு இருக்கும். எங்கள் மீட்டரில் இரண்டும் இல்லை.

அப்போது எவ்வளவு மின்னோட்டம் ஓடியிருக்கும் என்பதைப் பின்னர் கணக்கிட்டோம். சப்ளைப் பாதையின் தடையை அளக்கும் லூப் டெஸ்டரால் அந்தப் பேனலில் இரண்டு ஃபேஸ்களுக்கிடையே அளந்தபோது மூலத்தின் தடை 0.09 ஓம் என்று கிடைத்தது. அங்கே நேரடி ஷார்ட் ஏற்பட்டால் 400-ஐ 0.09-ஆல் வகுக்க வருவது சுமார் 4,400 ஆம்பியர். மீட்டரின் இரு சோதனைக் கம்பிகளும் ஃபியூஸும் சேர்ந்து ஏறத்தாழ 0.15 ஓம், ஷன்ட் 0.01 ஓம் என்று கொண்டால் மொத்தம் 0.25 ஓம், எனவே தொட்ட கணத்தில் 1,600 ஆம்பியர் வரை ஓடக்கூடும். முனை உலோகம் ஆவியாகிப் பொறிப்பாதை உருவான பிறகு அந்தப் பாதை பஸ்பாரிலிருந்து பஸ்பாருக்கு நேரடியாகவே தாவிவிடலாம். அப்போது சோதனைக் கம்பிகளின் தடையும் கட்டுப்படுத்த இருக்காது. முன்னே இருந்த பிரேக்கர் டிரிப் ஆனதால்தான் அது நின்றது.

ஃபியூஸ் ஏன் காப்பாற்றவில்லை

மீட்டரில் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. 10 ஆம்பியர் ஃபியூஸ் 1,600 ஆம்பியரில் உருகியே தீரும், உருகவும் செய்தது. ஆனால் உருகுவது வேறு, மின்னோட்டத்தைத் துண்டிப்பது வேறு.

தயாரிப்பாளர் பொருத்தியிருந்தது மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ்: 600 வோல்ட், 10 கிலோ ஆம்பியர் துண்டிப்புத் திறன் என்று அதன்மேல் அச்சிட்டிருக்கும். துண்டிப்புத் திறன் என்பது ஃபியூஸ் பாதுகாப்பாகத் துண்டிக்கக்கூடிய அதிகபட்ச மின்னோட்டம். உள்ளே இழை உருகும்போது எழும் பொறியைச் சுற்றியுள்ள மணல் வெப்பத்தை உறிஞ்சித் தானும் உருகிக் கண்ணாடியாகி, பாதையை அடைத்துவிடுகிறது. விபத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன் அந்த ஃபியூஸ் ஒருமுறை போயிருந்தது. அதே வகை கையிருப்பில் இல்லாததால், அதே நீளமும் அதே ஆம்பியர் அளவும் கொண்ட கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அது 250 வோல்ட்டுக்கானது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 60127 தரத்தின்படி, குறைந்த துண்டிப்புத் திறன் வகையைச் சேர்ந்த இத்தகைய ஃபியூஸ்கள் 35 ஆம்பியர் அல்லது தம் மதிப்பைப் போல் பத்து மடங்கு, இவற்றில் எது பெரியதோ அதுவரை மட்டுமே பாதுகாப்பாகத் துண்டிக்கக் கடமைப்பட்டவை. 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது 100 ஆம்பியர். நாங்கள் அதன் முன் வைத்தது 400 வோல்ட்டும் அதன் எல்லையைப் போல் பதினாறு மடங்கு மின்னோட்டமும். இழை ஆவியானது, அந்த உலோக ஆவியே குழாய்க்குள் மின்னைக் கடத்தியது, கண்ணாடி சிதறியது, பொறி மீட்டரின் உறைக்குள் தொடர்ந்தது. பின்மூடி வெடித்ததற்குக் காரணம் இதுவே.

இப்போது என் கையெழுத்துக்கு வருகிறேன். பரிசோதனைத் தாளில் ஃபியூஸ் சரி என்று குறித்தது நான்தான், குறிக்கும் முன் சோதிக்கவும் செய்தேன். மீட்டரைத் திறக்காமலே ஃபியூஸைச் சோதிக்கும் எளிய வழி ஒன்று உண்டு: குமிழை ஓம் நிலையில் வைத்து, சிவப்புக் கம்பியை வோல்ட், ஓம் துளையில் செருகி, அதன் முனையை 10 ஆம்பியர் துளைக்குள் நுழைத்துத் தொட்டால், ஃபியூஸ் நலமாக இருந்தால் அரை ஓமுக்கும் குறைவாகக் காட்டும், போயிருந்தால் திரையில் ஓஎல், அதாவது அளவு வரம்பு மீறியது என்று வரும். எனக்கு 0.2 ஓம் வந்தது. மில்லி ஆம்பியர் துளையையும் அவ்வாறே பார்த்தேன். அங்கே உள் தடை கூடுதல் என்பதால் சில ஓம்கள் காட்டும். இந்தச் சோதனை ஃபியூஸ் இருக்கிறது என்று சொல்லும். எந்த ஃபியூஸ் இருக்கிறது என்று சொல்லாது. நான்கு திருகுகளைக் கழற்றிப் பார்த்திருந்தால் கண்ணாடி தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அந்த ஒரு வரிக்கு நான் முழுப் பொறுப்பு ஏற்கிறேன்.

விலை குறைந்த பல மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு அருகே ஃபியூஸ் இல்லை என்றே அச்சிட்டிருப்பார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அத்தகைய மீட்டரைப் பேட்டரியில் இயங்கும் சிறிய சுற்றுகளுக்குப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. சுவரிலிருந்தோ பேனலிலிருந்தோ வரும் மின்சாரத்துக்கு அருகில் அதைக் கொண்டு செல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உறையில் அச்சிட்ட எழுத்துகள்

மீட்டரின் முகப்பில் கேட் 3, 600 வோல்ட் என்று அச்சிடப்பட்டிருந்தது. இந்த அளவீட்டுப் பிரிவுகளைப் பலர் மின்னழுத்த வரம்பு என்றே எண்ணிக்கொள்கிறார்கள், ஆனால் அவை சொல்வது மின்னமைப்பில் நாம் எங்கே நின்று அளக்கிறோம் என்பதை. பிளக் வழியே இணைக்கும் சாதனங்கள் கேட் 2, கட்டடத்தின் நிலையான வயரிங்கும் பேனல்களும் கேட் 3, மின்சாரம் கட்டடத்துக்குள் நுழையும் இடம் கேட் 4. மூலத்தை நெருங்க நெருங்க, மின்னல் அல்லது சுவிட்சு இயக்கத்தால் ஒரு கணம் எழும் உயர் மின்னழுத்தத் துடிப்பின் பின்னால் இருக்கும் ஆற்றல் கூடுகிறது. ஐஇசி 61010 தரத்தின் வழியில் பார்த்தால், கேட் 2, 1000 வோல்ட் கருவியும் கேட் 3, 600 வோல்ட் கருவியும் 6,000 வோல்ட் துடிப்பையே தாங்கிக் காட்ட வேண்டும். ஆனால் முன்னதற்குச் சோதனை மூலத்தின் தடை 12 ஓம், பின்னதற்கு 2 ஓம். முதலாவதில் பாயக்கூடியது 500 ஆம்பியர், இரண்டாவதில் 3,000 ஆம்பியர். ஆகவே பேனலுக்கு முன் நிற்பவருக்குக் கருவியில் உள்ள பெரிய வோல்ட் எண்ணைவிட அதற்கு முன்னால் உள்ள சிறிய கேட் எண்ணே முக்கியமானது.

நம்மிடமிருந்த மீட்டர் பேனலுக்கு ஏற்றதுதான், ஆனால் அதன் கம்பிகள் அல்ல. பழைய கம்பிகளின் காப்புறை விரிசல் விட்டதால் மாற்றப்பட்டவை கேட் 2 வகை, அவற்றின் உலோக முனை ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெறுமையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கேட் 3, கேட் 4 இடங்களுக்கான முனைகளில் வெளியே தெரியும் உலோகம் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நெருக்கமான பஸ்பார்களுக்கிடையே நீண்ட முனை சற்றுச் சாய்ந்தாலே இரண்டையும் தொட்டுவிடும் என்பதே அதன் காரணம். இந்த விபத்தில் அப்படி நடந்ததாகத் தடயம் இல்லை. எனினும் மீட்டர், கம்பி, முனை, ஃபியூஸ் ஆகியவற்றில் எது மிகக் குறைந்த தகுதியுடையதோ அதுவே முழுக் கருவியின் தகுதி என்பதால், முகப்பில் அச்சிட்டிருந்த கேட் 3 அன்று காலையிலேயே செல்லாததாகிவிட்டிருந்தது.

விபத்துக்குப் பின் கண்ட மற்றொரு பூஜ்யம்

காயமடைந்தவரை மருத்துவமனைக்கு அனுப்பிய பின், பேனலைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டுச் சேதத்தைப் பார்க்கச் சென்றோம். அந்த ஒரு மணி நேரத்தில் நடந்ததை இந்த ஆய்விலிருந்து விட்டுவிட என்னால் முடியவில்லை, ஏனெனில் முதல் விபத்தைவிட மோசமான இரண்டாவது விபத்து ஒன்று அங்கே மயிரிழையில் தவறியது.

என்னுடன் வந்த மூத்த தொழிலாளர் வேறொரு நல்ல மீட்டரை எடுத்துக்கொண்டார். மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு சாக்கெட்டில் முதலில் அளந்தார், 231 வோல்ட் காட்டியது. பேனலில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஒன்றும் இருந்தது. 400 வோல்ட் ஏசி அதற்குள் நேர்மின்னாக மாற்றப்படும்போது உச்ச மதிப்பை எட்டி ஏறத்தாழ 565 வோல்ட் டிசியாக, மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர்களில் சேர்ந்திருக்கும், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது வடியச் சில நிமிடங்கள் ஆகும். ஆகவே டிரைவின் உறையில் எழுதியிருந்த நேரம் வரை காத்திருந்து, மீட்டரை டிசிக்கு மாற்றி, அந்த முனையங்களை அளந்தார். சில வோல்ட்களே இருந்தன. இதுவரை எல்லாம் முறைப்படியே நடந்தது. அடுத்து பேனலுக்குள் மின்சாரம் நுழையும் முனையங்களில் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே வைத்தார். திரையில் 0.2 வோல்ட். “சப்ளை இல்லை, சார்” என்றார். கையை உள்ளே கொண்டுபோகவும் தயாரானார்.

சோதித்த மீட்டரை மறுபடியும் சாக்கெட்டில் வைத்துப் பார்க்கும்படி நான் கேட்டேன். பழக்கம் காரணமாகத்தான் கேட்டேன், எனக்கு எந்த ஐயமும் எழவில்லை. சாக்கெட்டிலும் அது பூஜ்யம்தான் காட்டியது. மீட்டர் இன்னும் டிசியிலேயே இருந்தது. நேர், எதிர் என்று மாறிமாறி ஒரு நொடிக்கு 50 சுற்று அலைவுறும் மின்னழுத்தத்தின் சராசரி பூஜ்யம் என்பதால், டிசி நிலையில் உள்ள மீட்டர் 400 வோல்ட்டை எதிரே வைத்துக்கொண்டும் ஒன்றுமில்லை என்று காட்டும். அந்த மாதிரியில் ஏசியும் டிசியும் ஒரே குமிழ் நிலையில் ஒரு பொத்தானால் மாறுகின்றன, எனவே குமிழைப் பார்த்தாலும் தெரியாது. ஏசிக்கு மாற்றியபோது நுழைவு முனையங்களில் 402 வோல்ட் இருந்தது. டிரிப் ஆன பிரேக்கர் அதற்குக் கீழேதான் இருந்தது, நாங்கள் நிறுத்திய ஐசலேட்டர், அதாவது சப்ளையைப் பிரிக்கும் சுவிட்சு, வேறொரு பேனலுடையது.

தெரிந்த மின்சாரத்தில் ஒருமுறை, சோதிக்க வேண்டிய இடத்தில் ஒருமுறை, மீண்டும் தெரிந்த மின்சாரத்தில் ஒருமுறை என்ற மூன்றடி முறையைப் பற்றிப் பேசும்போது மூன்றாவது அடியை வெறும் சம்பிரதாயமாகக் கருதுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் அடி மீட்டர் நலமாக இருந்தது என்பதை மட்டுமே காட்டும். அதற்குப் பின் குமிழ் மாறியிருக்கலாம், ஒரு கம்பி உள்ளே அறுந்திருக்கலாம், பேட்டரி சரிந்திருக்கலாம். திரையில் தெரியும் பூஜ்யத்துக்குப் பொருள் தருவது மூன்றாவது அடிதான். ஓர் எண் தவறாக இருந்தால் அது கண்ணை உறுத்தும், பூஜ்யம் தவறாக இருந்தால் உறுத்தவே உறுத்தாது. பென் டெஸ்டரையோ நியான் டெஸ்டரையோ மட்டும் நம்பி மின்சாரம் இல்லை என்று முடிவு செய்வதும் இதே காரணத்தால் ஏற்கத்தக்கதல்ல. அவை ஒளிர்ந்தால் மின்சாரம் இருக்கிறது என்று கொள்ளலாம், ஒளிராவிட்டால் அதிலிருந்து எதையும் கொள்ள முடியாது.

இதற்கு நேர்மாறான குழப்பமும் அன்றே வந்தது. சரியான ஐசலேட்டரை நிறுத்திப் பூட்டிய பின், இரு முனையிலும் கழற்றிவிடப்பட்டிருந்த ஓர் உபரிக் கம்பியில் மீட்டர் 68 வோல்ட் காட்டியது. பக்கத்தில் நீளமாக ஓடும் மின்சாரமுள்ள கம்பிகளிலிருந்து கெப்பாசிட்டர் விளைவால் கசியும் மிகச் சிறிய மின்னோட்டத்தையே 10 மெகா ஓம் தடையுள்ள மீட்டர் இவ்வாறு மின்னழுத்தமாகக் காட்டுகிறது. குறைந்த உள்ளீட்டுத் தடை நிலை உள்ள மீட்டரில், அதாவது சில ஆயிரம் ஓம் தடையை உள்ளே சேர்த்து அளக்கும் நிலையில் பார்த்தபோது அது ஒரு வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. இத்தகைய மாய மின்னழுத்தம் அடிக்கடி தென்படுவதால், அது சும்மா காட்டுகிறது என்று சொல்லும் பழக்கம் வந்துவிடுகிறது. அந்தப் பழக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. குறைந்த தடை நிலையில் அளந்து அது இறங்கும் வரை, 68 வோல்ட் என்பது மெய்யான மின்சாரமாகவே நடத்தப்பட வேண்டும்.

மாற்றியவை

முதல் முடிவு மின்னோட்டம் அளப்பது பற்றியது, இதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. கம்பியை மாற்ற மறக்காதீர்கள் என்று அறிவுறுத்துவதோடு நிறுத்திவிடலாம் என்று சிலர் கருதினார்கள். நான் ஏற்கவில்லை. மறதியை அறிவுரையால் ஒழிக்க முடியாது. காலையில் பாதுகாப்பாக முடிந்த ஒரு வேலையின் எச்சம் பிற்பகலில் கருவிக்குள் காத்திருக்கிறது என்றால், அந்த எச்சம் உருவாகவே வழியில்லாமல் செய்ய வேண்டும். ஆகவே பேனல் வேலைக்குச் செல்பவர்களுக்கு ஆம்பியர் துளையே இல்லாத மீட்டர் வழங்கினோம், மின்னோட்டத்துக்குக் கிளாம்ப் மீட்டர் கொடுத்தோம். கிளாம்ப் மீட்டர் கம்பியைக் கழற்றாமல், உலோகத்தைத் தொடாமல், காந்தப் புலத்தின் வழியே அளக்கிறது. ஒரே ஒரு கம்பியை மட்டும் அதன் வளையத்துக்குள் விட வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து விட்டால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, ஓடும் மின்னோட்டத்தைப் பூஜ்யமாகக் காட்டிவிடும். டிசி மின்னோட்டத்துக்கு அதற்கென வடிவமைத்த கிளாம்ப் வேண்டும்.

தொடராக இணைத்து அளக்கும் வேலை இன்னும் மில்லி ஆம்பியர் அளவுள்ள கட்டுப்பாட்டுச் சுற்றுகளில் மிஞ்சியிருக்கிறது. அதற்குத் தனி மீட்டர், தனிப் பெட்டி. மின்னோட்ட மின்மாற்றியின், அதாவது சிடியின் இரண்டாம் பக்கச் சுற்றில் மட்டும் எந்த மல்டிமீட்டரையும் தொடராக நுழைக்கக் கூடாது என்று தடை விதித்தோம். முதன்மைப் பக்கத்தில் மின்னோட்டம் ஓடும்போது இரண்டாம் பக்கம் திறந்துபோனால் அங்கே மிக உயர்ந்த மின்னழுத்தம் எழும், மீட்டரின் ஃபியூஸ் போயிருந்தாலே அது திறந்த சுற்றுதான்.

ஓம் நிலையையும், பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கன்டின்யூட்டி நிலையையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் மீட்டர் தன் பேட்டரியிலிருந்து சிறு மின்னோட்டத்தைச் செலுத்தித் தடையைக் கணக்கிடுகிறது, எனவே சுற்றில் வேறு மின்சாரம் இருந்தால் வாசிப்பு பொய்யாகும், கருவியும் பழுதாகலாம். முதலில் மின்னழுத்தம் இல்லை என்று மூன்றடி முறையில் உறுதி செய்து, கெப்பாசிட்டர் இருந்தால் தகுந்த ரெசிஸ்டர் வழியே வடித்து, அதன் பின்னரே ஓமுக்குத் திருப்ப வேண்டும். ஸ்குரூடிரைவரால் கெப்பாசிட்டரை ஷார்ட் செய்யும் பழைய வழக்கத்தை எங்கள் பிரிவில் முற்றிலும் நிறுத்திவிட்டோம். 325 வோல்ட் ஏறிய 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 25 ஜூல் ஆற்றல் இருக்கிறது, அதை ஒரே கணத்தில் உலோக முனையில் விடுவிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் அல்லது எர்த்துக்கும் இடையே அளக்கும்போது, கறுப்பு முனையை முதலில் நியூட்ரலில் அல்லது எர்த்தில் பதித்து, சிவப்பு முனையைக் கடைசியாக ஃபேஸில் வைத்து, எடுக்கும்போது சிவப்பையே முதலில் எடுக்க வேண்டும். கறுப்புக்கு முதலைக் கிளிப் மாட்டினால் ஒரு கை விடுபடும், அந்தக் கை பேனலின் உலோகத்தைத் தொடாமல் விலகியிருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மின்சாரம் பாய்ந்தால் அதன் வழி மார்பினூடேதான். விரல்கள் முனைப்பிடியின் தடுப்பு விளிம்புக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்தது.

ஃபியூஸ்களைப் பொறுத்தவரை, எல்லா மீட்டர்களையும் திறந்து பார்த்தோம். இன்னொரு மீட்டரில் ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு சிறு செப்புக் கம்பி சுற்றப்பட்டிருந்தது. அதை எப்போது யார் செய்தார்கள் என்று விசாரிக்க நான் முயலவில்லை. அத்தகைய விசாரணை அடுத்த முறை மறைக்கவே கற்றுக்கொடுக்கும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அதே வகை ஃபியூஸ்கள் இப்போது கையிருப்பில் எப்போதும் உள்ளன. அவை இல்லாவிட்டால் மீட்டர் அலமாரியில் இருக்கும், பயன்பாட்டில் இருக்காது. பரிசோதனைத் தாளில் ஃபியூஸ் சரி என்ற வரியை நீக்கி, ஃபியூஸின் மேல் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர், துண்டிப்புத் திறன் மூன்றையும் பார்த்து எழுதும் மூன்று கட்டங்களைச் சேர்த்தோம். கம்பிகளின் தகுதிக் குறிக்கும் ஒரு கட்டம் உண்டு.

கடைசியாகச் செய்த மாற்றம்தான் மிகச் சிறியது. வேலை முடிந்ததும் இரு கம்பிகளையும் மீட்டரிலிருந்து முழுவதுமாகக் கழற்றித் தனியே சுருட்டி வைக்க வேண்டும், கம்பி செருகிய மீட்டர் பைக்குள் போகக் கூடாது. காயம் ஆறித் திரும்பிய இளைஞரே இதைச் சொன்னார். எடுக்கும்போது துளைகள் வெறுமையாக இருந்தால், எதில் செருகுவது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துத்தானே ஆக வேண்டும் என்பது அவர் வாதம். நான் அதை அப்படியே நடைமுறை விதியாக எழுதிக்கொண்டேன்.